அதிர்ந்தாலும் கழலாத பூட்டு

கோத்தகிரியில் என் வீட்டுக்குக் கீழே பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் தினமும் நிற்கும். அதன் பின்கதவுக் கொக்கி தொளதொளவென்று ஆடும். ஃபாக்டரி போய்ச் சேர்வதற்குள் துளை இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். விமான மின்னணுப் பெட்டிக்கு விரைவுப் பூட்டு (கையாலேயே சட்டென்று திறந்து மூடும் பூட்டு) வடிவமைப்பவர் முதலில் ஒழிக்க வேண்டியது அந்த ஆட்டத்தைத்தான்.

பூட்டு மூடியிருந்தால் போதாது, இறுக்கிப் பிடிக்க வேண்டும். 5 கிலோ பெட்டி 10 ஜி முடுக்கத்தில், அதாவது புவியீர்ப்பைப் போல் பத்து மடங்கில், அதிர்ந்தால் சுமார் 490 நியூட்டன் விசை இழுக்கும். பூட்டின் முன்-இறுக்கம் (மூடும்போதே அது பிடித்து வைக்கும் விசை) அதைவிடத் தாராளமாக இருக்கட்டும். குலுக்கும் வேகம் பெட்டியின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் ஒத்ததிர்வில் முடுக்கம் பல மடங்காகும் என்பதால், கணக்கை அந்த உச்ச மதிப்பில் போடுங்கள்.

நெம்புகோல் வகை எனக்குப் பிடித்தது. மூடியபின் கைப்பிடி, சுழல்முனைகள் ஒரே நேர்கோட்டில் வரும் நடுக்கோட்டைச் சற்றே தாண்டி நிற்க வேண்டும். அப்போது பெட்டி இழுக்க இழுக்கப் பிடி இன்னும் மூடிக்கொள்ளும். ரொம்பத் தாண்டினால் இறுக்கம் போய்விடும். அப்புறம், உராய்வை மட்டும் நம்பாதீர்கள். கைப்பிடியைத் தடுக்க வில்லோடு கூடிய இரண்டாவது கொண்டி அவசியம். பூட்டாதபோது சிவப்புப் பட்டை வெளியே தெரியட்டும்.

விமானக் கருவிகளுக்கான டிஓ-160 என்ற தரநிலையின் அதிர்வுச் சோதனையில் 10 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை, மூன்று அச்சுகளிலும் குலுக்குவார்கள். முடிந்ததும் தொடுபரப்பை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அலுமினியத்தில் கறுப்புத் தூள் ஒட்டினால், அங்கே நுண்ணிய ஆட்டம் இருந்திருக்கிறது. இறுக்கத்தைக் கூட்டுங்கள்.

கடைசியாக, கையுறையோடு திறந்து பாருங்கள். நான் ஜனவரி உறைபனிக் காலையில், விரல் மரத்த நிலையில் திறந்து பார்ப்பேன்.