அன்றாடத் தேவைக்கு ஜெபிப்பது எப்படி: ஒரு நோட்டும் காலையில் கால்மணி நேரமும்

"ஆண்டவரே, எங்கள் தேவைகளையெல்லாம் சந்தியும்" என்று நம் வீடுகளில் தினமும் ஜெபிக்கிறோம். தவறில்லை. ஆனால் இப்படிப் பொதுவாகவே கேட்டுக்கொண்டிருந்தால் பதில் வந்தாலும் வந்தது தெரியாது. செவ்வாய்க்கிழமை கிடைத்த உதவியை வெள்ளிக்கிழமை மறந்துவிட்டு மறுபடியும் கலங்குவோம். வருடக்கணக்கில் ஜெபித்தும் பலருக்கு நம்பிக்கை வேர்பிடிக்காமல் போவது இதனால்தான். கேட்பதை அளவோடும் தேதியோடும் கேளுங்கள். வேதத்தில் நீதிமொழிகள் 30-ல் ஆகூர் என்ற ஞானி அளவோடுதான் கேட்டார்: "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்."

முதலில் நோட்டு

80 பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் விண்ணப்பத்துக்கு, வலப்பக்கம் பதிலுக்கு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836-ல் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், கேட்டதையும் கிடைத்ததையும் தேதியிட்டு எழுதிவைக்கும் வழக்கம் உள்ளவர். 1898-ல் அவர் இறப்பதற்குள் ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்தார்கள். இன்றைக்கும் அவரைப் பற்றி விவரமாகப் பேச முடிகிறதென்றால் அந்தக் குறிப்புகளே காரணம்.

இடப்பக்கத்தில் நான்கு விவரம் வேண்டும்: எழுதும் தேதி, தேவை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள். மாதிரிக்கு: "மார்ச் 3. கேஸ் சிலிண்டர். 900 ரூபாய். 9-ம் தேதிக்குள்." நான்கு நாள் கழித்து வலப்பக்கத்தில்: "மார்ச் 7. ஜாக்கெட் தைத்த பாக்கி 600 வந்தது. 300 தம்பி கொடுத்தான்." பாக்கி வசூலானதும் பதில்தான், தம்பி கொடுத்ததும் பதில்தான். தெரியாத ஆள் வந்து கவரைக் கொடுத்தால்தான் கர்த்தர் கொடுத்தார் என்று எண்ணுகிறவர்கள், அவர் கொடுப்பதில் பாதியை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள்.

தேவையா ஆசையா என்று குழப்பமாக இருந்தால், "இது இல்லாவிட்டால் இந்த மாதம் வீட்டில் என்ன நின்றுபோகும்?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் இடப்பக்கத்தில் எழுதுங்கள், இல்லையென்றால் நோட்டின் கடைசிப் பக்கத்தில். ஆசையை ஆண்டவரிடம் சொல்லவே கூடாதென்று இல்லை. வாடகையையும் புது போனையும் ஒரே வரிசையில் வைத்தால் இரண்டும் ஒரே அவசரமாகத் தெரியும், அதுதான் ஆபத்து.

காலையில் கால்மணி நேரம்

அடுப்பு பற்றவைக்கும் முன், போனைத் தொடும் முன் உட்காருங்கள். ஒரு வேதபகுதி வாசியுங்கள். தொடங்குகிறவர்களுக்கு மத்தேயு 6:25 முதல் 34 வரை ஒரு வாரம் போதும். பிறகு நேற்று வலப்பக்கத்தில் எழுதியதை வாய்விட்டுச் சொல்லி ஸ்தோத்திரம் செய்யுங்கள். பிலிப்பியர் 4:6 விண்ணப்பத்தை ஸ்தோத்திரத்தோடு தெரியப்படுத்தச் சொல்கிறது, அதனால் நன்றியைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். அதன்பின் இன்றைக்கும் இந்த வாரத்துக்கும் உரிய தேவைகளை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். டிசம்பர் செலவை மார்ச்சில் தினமும் சுமந்தால் மார்ச்சும் போய்விடும்.

முடித்ததும் இரண்டு நிமிடம் பேனாவோடு அமைதியாக இருங்கள். "அந்த அக்கா பணம் தரவேண்டியிருக்கிறது", "அந்தக் கடையில் ஆள் கேட்டார்கள்" என்று ஏதாவது நினைவுக்கு வரும். எழுதிக்கொண்டு மத்தியானத்துக்குள் செய்துவிடுங்கள். இரவில் ஐந்து நிமிடம் வலப்பக்கத்துக்கு.

வீட்டில் என்ன இருக்கிறது?

2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்து விதவையை நிதானமாக வாசியுங்கள், இந்த விஷயத்தில் அதைவிடத் தெளிவான பாடம் இல்லை. அவள் பொதுவாக அழவில்லை. கடன்கொடுத்தவன் வந்திருக்கிறான், இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோகப் போகிறான் என்று விவரம் சொன்னாள். தீர்க்கதரிசி எலிசா கேட்டது, "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்." ஒரு குடம் எண்ணெய். அயல்வீடுகளில் வெறும் பாத்திரங்கள் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, கதவைப் பூட்ட வேண்டியிருந்தது, பிள்ளைகள் பாத்திரம் எடுத்துக் கொடுக்க அவள் வார்த்தாள். எண்ணெய் பெருகியது தேவனுடைய செயல். மற்றதெல்லாம் அவர்கள் கை உழைப்பு. கடைசியில் வந்த கட்டளையின் வரிசையையும் பாருங்கள்: எண்ணெயை விற்று, முதலில் கடனைத் தீர்த்து, மீந்ததில் ஜீவனம்.

ஆகவே ஒவ்வொரு விண்ணப்பத்துக்குக் கீழும் "கையில் இருப்பது" என்று ஒரு வரி சேருங்கள். தையல் மிஷின், ஓட்டத் தெரிந்த வண்டி, ரேஷன் அரிசி, இன்னும் விண்ணப்பிக்காத முதியோர் உதவித்தொகை எல்லாம் அதில் வரலாம். உரிமையுள்ள அரசு உதவியைக் கேட்டு வாங்குவது அவிசுவாசம் அல்ல.

எங்கே தவறுகிறது

முல்லர் தன் இல்லத் தேவைக்கு யாரிடமும் பணம் கேட்டதில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, பசியோடிருந்தும் சபைக்குச் சொல்லாத குடும்பங்கள் உண்டு. தேவன் ஜெபத்தைக் கேட்கிறார் என்று ஊருக்குக் காட்டவே அவர் அந்த ஒழுங்கைத் தனக்கு வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் அது சட்டம் அல்ல, அந்த விதவை தன் நிலையைச் சொன்னாள். அதற்கு நேர்மாறான தவறு, ஜெபக்கூட்டத்தில் வசதியுள்ளவர் காதில் விழும்படி ஜெபிப்பது. உதவி வேண்டுமென்றால் போதகரிடமோ நம்பகமான ஒருவரிடமோ நேராகக் கேளுங்கள்.

கடன் வாங்கிக் காணிக்கை போட்டால் நூறு மடங்காகத் திரும்பும் என்று சொல்கிறவர்களுக்குச் செவிகொடுக்காதீர்கள். அது ஜெபம் அல்ல, பேரம். அதில் நொடிந்துபோகிறவர்கள் ஏழைகளே. கொடுக்க விரும்பினால் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி எடுத்துவையுங்கள். விசுவாசத்தின் பேரில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவை இலவசம்.

சேமிப்பதும் அவநம்பிக்கை ஆகாது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த மன்னா என்ற உணவில், மறுநாளுக்கென்று மீத்துவைத்தது புழுத்து நாறியது உண்மைதான். ஆனால் ஓய்வுநாளுக்கு முந்தின ஆறாம் நாளில் தலைக்கு இரண்டு ஓமர், அதாவது வழக்கத்தைவிட இரு மடங்கு அளவு, சேர்க்கச் சொன்னவரும் தேவனே. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் 12,000 என்றால் ஜனவரியிலிருந்து மாதம் 2,000 என்று ஆறாகப் பிரித்து எழுதி, வந்ததை அந்தந்த மாதமே தனியாக எடுத்துவையுங்கள்.

தேதி தாண்டிவிட்டால்

பணம் வராது போலிருந்தால் கெடுவுக்கு மூன்று நாள் முன்பே வீட்டுக்காரரிடமோ மகளிர் குழுத் தலைவியிடமோ போய், இருப்பதைக் கொடுத்து, மீதிக்கு நாள் கேளுங்கள். அன்றிரவு பயத்தில் மீட்டர் வட்டிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நோட்டில் அந்த வரியை அடிக்கவும் வேண்டாம். பக்கத்திலேயே புதுத் தேதி எழுதித் தொடர்ந்து கேளுங்கள். மூன்று மாதம் ஆகியும் வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் யாக்கோபு 4:3-ஐ வாசித்து, கேட்ட காரணத்தைச் சோதித்துப் பாருங்கள். காரணம் சரியாக இருந்தும் பதில் தாமதிப்பது உண்டு, அதற்காக உங்கள் விசுவாசத்தில் குறை என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

பிள்ளைகளிடம் கடன் தொகையைச் சொல்லிப் பயமுறுத்தாமல், வலப்பக்கத்தை மட்டும் குடும்ப ஜெபத்தில் வாசித்துக் காட்டுங்கள். நோட்டு தீர்ந்ததும், பதில் வராத விண்ணப்பங்களை அவற்றின் பழைய தேதியோடு புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.