கபுகி நடிகர் படம் வாங்கப் போகிறீர்களா?

போன வாரம் ஒரு தம்பி கைபேசியில் படம் ஒன்றைக் காட்டினார். கபுகி என்ற ஜப்பானிய நாடக வகையின் நடிகர் ஒருவரைக் காட்டும் ஜப்பானிய மரஅச்சுப் படம். "அண்ணா, ஓவியர் டொயொகுனி கையெழுத்து இருக்கு. 1800 வாக்கில் அச்சானதாம். வாங்கிடலாமா?" என்றார். பன்னிரண்டு வருடம் முன்பு நான் பேசிய அதே பேச்சு. கிழிசல் பார், பூச்சி அரித்ததா பார் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும், விட்டுவிடுகிறேன். புதிதாக வாங்குபவர்கள் செய்யும் மற்ற தவறுகள் இவை.

கையெழுத்தை நம்பிப் பணம் கொடுப்பது

நான் வாங்கிய படத்திலும் 'டொயொகுனி' என்றுதான் இருந்தது. விற்றவர் முதலாம் டொயொகுனி என்றார், அந்த விலையைக் கேட்டார், கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, நீள்வட்டத்துக்குள் ஒரு சின்ன எழுத்து: எலி. பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழன்று வரும் ஆண்டுகளில் அது எலி ஆண்டு, அதாவது 1852. முதலாம் டொயொகுனி இறந்தது 1825-இல். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அந்த முத்திரை நகத்தளவில் என் கண் முன்னே இருந்தது, நான் நடிகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதை இதுதான். முதலாம் டொயொகுனி இறந்ததும் வளர்ப்பு மகன் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். 1844-இல் மூத்த சீடர் குனிசாதாவும் அதே பெயரைச் சூடினார். வளர்ப்பு மகனைக் கணக்கிலேயே எடுக்காமல் 'இரண்டாம் டொயொகுனி' என்றே கையெழுத்தும் போட்டார். இன்று அவரைத்தான் மூன்றாம் டொயொகுனி என்கிறோம். ஆக, படத்தில் 'இரண்டாம்' என்று எழுதியிருந்தாலும் அது மூன்றாமவருடையதாக இருக்கலாம்.

கையெழுத்தைச் சுற்றி நீளமான வளையச் சட்டம் இருந்தால் பெரும்பாலும் குனிசாதாதான். அப்புறம் தணிக்கை முத்திரை. 1790களிலிருந்து 1842 வரை 'கிவாமே' என்ற ஒற்றை வட்ட முத்திரைதான் வழக்கம். வட்டம் இரண்டு இருந்தால் 1847-க்குப் பிந்தைய படம். தம்பியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம்: சிவப்பு வளையம், கீழே இரண்டு வட்டம். குனிசாதா சளைத்தவர் இல்லை, அவர் வரைந்த முகங்களை நான் இன்றும் தேடி வாங்குகிறேன். ஆனால் குனிசாதா விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

சின்னத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்வது

உடையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் இருந்தால், அது இச்சிகாவா டான்ஜூரோ என்ற பட்டப்பெயர் வழிவழியாக வரும் நடிகர் குடும்பத்தின் சின்னம். சரி, எந்த டான்ஜூரோ? ஏழாமவர் 1832-இல் பட்டத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டு எபிசோ என்ற பெயரில் நடித்துக்கொண்டிருந்தார். அப்பா, மகன் இருவர் உடையிலும் அதே சதுரங்கள்தான். வேடத்தின் பெயரையும் நாடகத்தையும் படித்த பிறகு ஆளைச் சொல்லுங்கள்.

பெண் என்று நினைப்பது

நெற்றியில் ஊதாத் துணி இருந்தால் அது பெண் வேடமிட்ட ஆண் நடிகர்.

பளிச்சென்ற நிறத்தில் மயங்குவது

பழைய நீலம் பல படங்களில் கானாவாழை வகைப் பூவின் சாறு. வெளிச்சமும் ஈரமும் பட்டால் மங்கி மஞ்சளாகும். அந்த நீலம் கலந்த ஊதாவும் அப்படித்தான். 1790களின் படம் என்கிறார்கள், ஊதா கண்ணைப் பறிக்கிறது என்றால் இரண்டு முறை கேளுங்கள். பிற்காலத்தில் மறுபடி செதுக்கி அச்சிட்ட பிரதியாக இருக்கலாம்.

சன்னல் எதிரே மாட்டுவது

கூடாது.

செல்லோ டேப்

கிழிசலை ஒட்ட அதைத் தொடவே தொடாதீர்கள்.