மலையிறங்கும் முன் சைக்கிளின் டிஸ்க் பிரேக்கைச் சரிசெய்யும் முறை

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நான் முதன்முறை அதில் இறங்கியபோது, பாதி வழியிலேயே பிரேக் லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டது. முந்தைய நாள் கேபிளை மட்டும் இறுக்கிவிட்டு, உள்பக்கப் பேடை (உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் தகட்டை, ஆரக்கம்பிகளின் பக்கம் இருப்பதை) கவனிக்காமல் விட்டதே காரணம். தொடக்கநிலையினர் பலரும் செய்யும் தவறு இது.

இங்கே சொல்வது, கேபிளால் இயங்கி, ஒரு பேட் மட்டும் நகரும் பிரேக்குக்கு உரியது. ஆயில் பிரேக்குக்குப் பொருந்தாது. இவ்வகையில் வெளிப்பக்கப் பேட்தான் நகர்ந்து, ரோட்டரை, அதாவது சக்கரத்துடன் சுழலும் உலோக வட்டை, சற்றே வளைத்து, அசையாத உள்பக்கப் பேடின் மீது அழுத்துகிறது. ஆகவே உள்பக்கப் பேட் தள்ளி நின்றால், லிவரின் இழுப்பில் பெரும்பகுதி ரோட்டரை வளைப்பதிலேயே வீணாகிவிடும்.

5 மி.மீ. ஆலன் கீ, சுத்தமான துணி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு ரப்பர் பேண்ட் ஆகியவை போதும். முதலில் சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்தி, சக்கரம் அதன் இடத்தில் முழுமையாக அமர்ந்துள்ளதா என்று பாருங்கள். பிறகு ரோட்டரை ஆல்கஹாலால் துடையுங்கள். அதன் பின் விரலோ எண்ணெயோ அதில் படக்கூடாது.

அடுத்து, கேபிள் நுனியிலுள்ள அட்ஜஸ்டரை (கேபிளின் இறுக்கத்தை மாற்றும் திருகை) முழுவதும் உள்ளே திருகி, காலிப்பரின் (பேடுகளைத் தாங்கும் பகுதியின்) கை, அதாவது கேபிள் இழுக்கும் நெம்புகோல், தன் இயல்பான நிலைக்குத் திரும்புமாறு விடுங்கள். காலிப்பரைப் பிடித்திருக்கும் இரு போல்ட்டுகளையும் அது அசையும் அளவுக்குத் தளர்த்தி, உள்பக்கப் பேடின் திருகை ரோட்டரைத் தொடும் வரை திருப்புங்கள். லிவரை நன்றாக இழுத்து, அது தளராதபடி ரப்பர் பேண்டைச் சுற்றிய பின், போல்ட்டுகளை மாறி மாறிக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முதலில் முழுவதும் இறுக்கினால் காலிப்பர் கோணலாகிவிடும்.

லிவரை விடுவித்து, உள்பக்கத் திருகைச் சிறிது சிறிதாகப் பின்னுக்குத் திருப்பி, சக்கரத்தைச் சுழற்றுங்கள். காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தால், ரோட்டருக்கு இருபுறமும் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரியும். உள்பக்கக் கீற்று மயிரிழை அளவே இருப்பது நல்லது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் 'சர்' என்ற உரசல் கேட்டால், குறை பேடில் இல்லை, ரோட்டர் வளைந்திருக்கிறது.

கடைசியாக, லிவரின் பாதி இழுப்பில் பிரேக் பிடிக்குமாறு அட்ஜஸ்டரை வெளியே திருகுங்கள். ஆனால் காலிப்பரின் கை ஓய்வு நிலையிலேயே முன்னிழுபட்டு நிற்கக் கூடாது. நீலகிரியின் மூடுபனியும் மழையும் கேபிள் உறைக்குள் ஈரத்தைச் சேர்ப்பதால், லிவர் சொரசொரப்பாக இழுபட்டால் கேபிளையே மாற்றிவிடுங்கள்.

பேடின் தேய்மானப் பொருள் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால், எவ்வளவு சரிசெய்தாலும் பயனில்லை, புதியது போடுங்கள். புதுப் பேடுடன், சமதளத்தில் வேகமெடுத்து மெல்ல நிறுத்துவதை இருபது முறை செய்த பிறகே மலையிறங்குங்கள். இறங்கியவுடன் ரோட்டரைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கொப்புளம் வந்துவிடும். அது ஆறியதும் உள்பக்க இடைவெளியை மட்டும் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.