திடீரென்று விவாகரத்து சம்மன் வந்தால் பலர் செய்யும் தவறுகள்

கணவரோ மனைவியோ விவாகரத்துக்கு மனு போட்டிருப்பது, நீதிமன்ற அமீனா வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் சிலருக்குத் தெரியவருகிறது. இந்து திருமணச் சட்டம், 1955-ன் கீழ் தமிழ்நாட்டில் நடக்கும் வழக்குகளை வைத்துத்தான் இங்கே பேசுகிறேன். மற்ற மதத்தவருக்கும் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கும் சட்டம் வேறு, ஆனால் சறுக்குகிற இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில், வந்திருப்பது என்ன என்று பாருங்கள். வக்கீல் நோட்டீஸ் என்றால் வழக்கு இன்னும் தொடங்காமலும் இருக்கலாம். சம்மன் என்றால் அதில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் இருக்கும்.

அந்தச் சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்புவதைத்தான் மிகப் பெரிய தவறு என்பேன். "வாங்கினால்தானே கேஸ்" என்று விஷயம் தெரிந்த மாமா ஒருவர் சொல்லியிருப்பார். வாங்க மறுத்தாலே சம்மன் சேர்ந்துவிட்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். "என் கையெழுத்து இல்லாமல் எப்படிப் பிரிப்பார்கள்?" என்பது இன்னொரு நம்பிக்கை. இருவர் கையெழுத்தும் வேண்டியது பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மட்டும். ஒருவர் மட்டும் போட்ட மனுவில் நீங்கள் வராவிட்டால் உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கி, அவர் தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்லிவிடலாம். அதை ரத்து செய்யக் கோர 30 நாள்தான் அவகாசம். சம்மன் முறையாகச் சேரவில்லை என்று காட்ட முடிந்தால், தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள். இதற்கிடையில் மேல்முறையீட்டுக்கான 90 நாளும் கடந்து அவர் மறுமணம் செய்துகொண்டால் சிக்கல் இரட்டிப்பாகும்.

இதற்கு நேர்மாறாக, சம்மனைப் பார்த்ததுமே எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுபவர்களும் உண்டு. மனு போட்டதாலேயே விவாகரத்து கிடைத்துவிடாது. கொடுமை, இரண்டு ஆண்டுகளாகக் கைவிட்டது என்று சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை அவர் நிரூபிக்க வேண்டும். "இனி ஒத்துவராது" என்பது மட்டும் இந்தச் சட்டத்தில் காரணமில்லை. அப்படிப்பட்ட திருமணத்தை முடித்துவைக்கும் தனி அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2023-ல் தீர்ப்பு வந்தது; குடும்பநல நீதிமன்றத்துக்கு அது கிடையாது. சேர்ந்து வாழத்தான் விருப்பம் என்றால் அதையும் பதிலிலேயே கேட்கலாம்.

பதில் மனுவுக்குப் பொதுவாக 30 நாள், நீட்டித்தால் 90 நாள். நடைமுறையில் இன்னும் இழுக்கிறது என்பது உண்மைதான், அதை நம்பி இருக்காதீர்கள். "எல்லாம் பொய்" என்று ஒரே வரியில் எழுதுவதும் போதாது. ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாக மறுப்பு வேண்டும், மறுக்காததை ஒப்புக்கொண்டதாகக் கொள்ள இடமுண்டு. மனுவில் உள்ள தேதிகளுக்கு எதிரே அன்று உண்மையில் நடந்ததை ஒரு நோட்டில் எழுதி வக்கீலிடம் கொடுங்கள். வக்கீலுக்கு வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

அப்புறம் போன். நள்ளிரவில் அழுதும் திட்டியும் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்தான் பிறகு எதிர்த்தரப்பு ஆவணமாக வரும். கணவன் மனைவி பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பழிவாங்கப் புகார் கொடுப்பதும் அதே ரகம். உண்மையில் அடி, வரதட்சணைக் கொடுமை நடந்திருந்தால் தயங்காமல் புகார் கொடுங்கள். இல்லாததை எழுதினால், பொய்ப் புகாரே மனக்கொடுமை என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லியிருக்கிறது. விவாகரத்துக்கான காரணத்தை நீங்களே அவர் கையில் கொடுத்ததாகிவிடும்.

கோபத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பும் பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் தருகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே வெளியேறுங்கள், வேறு யோசனையே வேண்டாம். மற்றபடி குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், நகை ரசீது, சீர்வரிசைப் படங்கள், பேங்க் பாஸ்புக் ஆகியவற்றின் நகலாவது கையில் இருக்கட்டும்.

ஆண்கள் பக்கம் அதிகம் பார்ப்பது, ஜீவனாம்சத்துக்குப் பயந்து வேலையை விடுவதும் நிலத்தைத் தம்பி பெயருக்கு மாற்றுவதும். 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்ச வழக்கில் இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். சம்பாதிக்கும் திறனையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும்.

பிள்ளையைச் சொந்த ஊருக்கு அனுப்பி, மற்றவர் கண்ணில் காட்டாமல் வைப்பதை எந்த நீதிபதியும் ரசிப்பதில்லை.

கடைசியாக, சீக்கிரம் முடித்தால் போதும் என்று போடும் கையெழுத்து. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வது விவாகரத்து ஆகாது. அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நிரூபித்தால்தான் விதிவிலக்கு. நீதிமன்றம் வழியாகப் பரஸ்பர சம்மதத்துக்குப் போக, ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்கில் அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று நீதிமன்றம் விலக்கு தரலாம் என 2017-ல் தீர்ப்பு வந்தது. பணம், நகை, பிள்ளை யாரிடம், பார்க்க வரும் நாள் எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். "தீர்ப்பு வரட்டும், பிறகு தருகிறேன்" என்ற வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். இறுதி விசாரணை நாளன்று நீதிபதி முன்னாலேயே டிமாண்ட் டிராஃப்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.