ஹாங்காங் வந்தாச்சா? மொதல்ல உங்க டிஸ்ட்ரிக்ட் எதுன்னு தெரிஞ்சுக்கோங்க

புதுசா வர்றவங்க என்கிட்ட மொதல்ல கேக்குறது பின்கோடு என்னன்னுதான். இங்க பின்கோடே கிடையாதுங்க, ஆன்லைன் ஃபார்ம் விடாம கேட்டா வரிசையா சைபரைப் போட்டுட்டு அடுத்த வேலையப் பாருங்க. ஃப்ளாட் நம்பர், மாடி, பிளாக், பில்டிங் பேரு, தெரு, கடைசியா ஏரியா, அவ்ளோதான் அட்ரஸ்.

மேலாப்புல பாத்தா மூணு துண்டு. 1842ல பிரிட்டிஷ்காரங்க கைக்குப் போனது ஹாங்காங் ஐலண்ட், 1860ல கவுலூன், 1898ல 99 வருஷ குத்தகைக்கு எடுத்தது நியூ டெரிட்டரீஸ், அந்தக் குத்தகை முடியற நேரத்துலதான் 1997ல எல்லாமே சேந்து சீனாகிட்ட போய் சிறப்பு நிர்வாகப் பகுதி ஆச்சு. கவுலூனுக்கும் நியூ டெரிட்டரீஸுக்கும் நடுவுல இருந்த பழைய எல்லை இன்னும் பவுண்டரி ஸ்ட்ரீட்னு ஒரு சாதாரண ரோடா இருக்கு, பிரின்ஸ் எட்வர்ட் ஸ்டேஷன்ல எறங்கி வடக்க கொஞ்சம் நடந்தா தெரியாமலே தாண்டிடுவீங்க.

இந்த மூணுக்குள்ள 18 டிஸ்ட்ரிக்ட். ஐலண்ட்ல 4, கவுலூன்ல 5, நியூ டெரிட்டரீஸ்ல 9. கொழப்பம் என்னன்னா டிஸ்ட்ரிக்ட் பேரும் ஸ்டேஷன் பேரும் பல எடத்துல ஒத்து வராது. யாவ் சிம் மோங்னு ஒரு ஊரைத் தேடாதீங்க, யாவ் மா டெய், சிம் ஷா சுய், மோங் கொக் மூணு பேரோட மொதப் பகுதியையும் வெட்டி ஒட்டுன பேரு அது. செங் குவான் ஓல வீடு எடுத்தா டிஸ்ட்ரிக்ட் சாய் குங். நம்மாளுங்க நெறைய பேர் தேடிப்போற துங் சுங், ஐலண்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட்ல வரும், அதைப் பாத்துட்டு "அய்யோ தெனமும் படகுல போகணுமா"ன்னு ஒரு ஃப்ரெண்டோட வீட்டம்மா பயந்துட்டாங்க. எம்டிஆர், அதாவது இங்கத்த மெட்ரோ ரயில், நேரா போகுதுங்க. அதே டிஸ்ட்ரிக்ட்ல இருக்குற லம்மா, சியுங் சாவ்க்குதான் ஃபெர்ரி.

டாக்ஸிதான் எனக்குப் பாடம் கத்துக் குடுத்துச்சு. ஷா டின்ல பச்சை டாக்ஸியில பெட்டியெல்லாம் ஏத்திட்டு சிம் ஷா சுய்னு சொன்னேன், டிரைவர் கையை ஆட்டிட்டு எதிர்ல நிக்குற செவப்பு வண்டியைக் காட்டுனார். பச்சை நியூ டெரிட்டரீஸுக்கு மட்டும், நீலம் லாண்டாவ் தீவுக்கு, செவப்புதான் டவுனுக்குள்ள ஓடும். ஏர்போர்ட்டுக்கு மூணும் வரும்.

நம்மூர் மாதிரி மாநகராட்சி ஆஃபீஸைத் தேடி அலையாதீங்க. குப்பை, தெருவிளக்கு எல்லாமே ஹாங்காங் அரசோட டிபார்ட்மென்ட்டுங்கதான், 1823க்கு போன் போட்டா அவங்களே உரிய எடத்துக்கு அனுப்புவாங்க, டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்றதைத் தாண்டி பெருசா அதிகாரம் இல்ல. ஆனா ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்லயும் ஹோம் அஃபேர்ஸ் என்கொயரி சென்டர் இருக்கும், அங்க உறுதிமொழிப் பத்திரம் ஃப்ரீயா போட்டுத் தருவாங்க. கரண்ட் பில் உங்க பேர்ல இன்னும் வரலன்னா அட்ரஸ் ப்ரூஃப் கேக்குற எடத்துல அதை ஏத்துப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க, வக்கீலுக்குக் காசு அழ வேணாம்.

கொழந்தைய அரசுப் பள்ளியில ஒண்ணாங் கிளாஸ் சேக்கணும்னா டிஸ்ட்ரிக்டை மட்டும் நம்பாதீங்க, அதுக்கு ஸ்கூல் நெட்னு தனியா நம்பர் போட்ட ஏரியாப் பிரிவு இருக்கு, ஒரே டிஸ்ட்ரிக்ட்லயே வேற வேற நெட் வரும். வீட்டு அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே அதைப் பாத்துருங்க.

அப்புறம் ஒண்ணு, கீழ வாட்ச்மேன்கிட்ட அட்ரஸை சைனீஸ்ல எழுதித் தரச் சொல்லி போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அது தலைகீழா இருக்கும், ஏரியா மொதல்ல, ஃப்ளாட் நம்பர் கடைசில, தப்பா எழுதிட்டார்னு நெனச்சு அவர்கிட்ட திருப்பிக் குடுத்துடாதீங்க.