அமெரிக்காவுல முதல் வீடு வாங்கப் போறீங்களா? அக்ரிமென்ட் போடறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடுங்க

பேங்க்ல லோன் பேசறதுக்கு முன்னாடி, உங்க ஊர் நகராட்சியோ மாவட்ட நிர்வாகமோ முன்பணத்துக்கு (டவுன் பேமென்ட்) உதவி பண்ற திட்டம் ஏதாவது வச்சிருக்காங்களான்னு ஒரு தடவை விசாரிச்சுடுங்க, நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியறதில்ல. பொதுவா இது மெயின் லோனுக்குப் பின்னாடி ரெண்டாவது லோனா வரும், சிலதுல மாசத் தவணையே கிடையாது, வீட்டை விக்கும்போதோ ரீஃபைனான்ஸ் பண்ணும்போதோ (பழைய லோனை அடைச்சுட்டு புது லோனா மாத்தும்போதோ) மொத்தமா திருப்பிக் கட்டினா போதும், இன்னும் சிலதுல சொன்ன வருஷம் வரைக்கும் அந்த வீட்லயே குடியிருந்தா கடனையே தள்ளுபடி பண்ணிடுவாங்க.

முக்கியமான விஷயம் வரிசைதான். அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டுட்டு அப்புறமா அப்ளை பண்ணா பல இடத்துல எடுத்துக்கவே மாட்டாங்க, வீடு வாங்கறவங்களுக்கான வகுப்பை முடிச்ச சர்டிஃபிகேட்டும் கேப்பாங்க, அவங்க லிஸ்ட்ல இருக்கற பேங்க்லதான் மெயின் லோன் எடுக்கணும்னும் சொல்வாங்க. அதனால வீடு தேட ஆரம்பிக்கும்போதே போய்க் கேளுங்க ப்ளீஸ், அந்த வருஷ பட்ஜெட் தீந்துபோச்சுன்னா அடுத்த வருஷம்தான்.

வருமான வரம்பு பாக்கும்போது உங்க சம்பளம் மட்டும் இல்ல, பல திட்டத்துல வீட்ல சம்பாதிக்கற எல்லாரோடதும் சேரும்.

அப்புறம், முன்னாடி ஒரு வீடு இருந்துச்சேன்னு ஒதுங்கிடாதீங்க. அமெரிக்காவுல பல திட்டங்கள்ல கடைசி 3 வருஷமா சொந்த வீடு இல்லன்னாலே முதல் தடவை வாங்கறவங்கன்னுதான் கணக்கு.