பாலைவனத்தில் வற்றாத ஓடை: பிக் மொராங்கோ பள்ளத்தாக்கைப் பார்ப்பது எப்படி?

பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் பெற்றோர், ஹாலிவுட்டையும் மாலிபு பெருமாள் கோயிலையும் பார்த்து முடித்த பிறகு, அடுத்து எங்கே போகலாம் என்று கேட்பது வழக்கம். அவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம், மொஹாவி, சோனோரன் என்ற இரு பாலைவனங்களும் சந்திக்கும் பகுதியில் உள்ள பிக் மொராங்கோ பள்ளத்தாக்குக் காப்பகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. முட்டி வலி உள்ளவர்களும் நடக்கலாம்.

படி 1: பருவத்தை முடிவு செய்யுங்கள். வலசைப் பறவைகள் வந்து செல்லும் மார்ச், ஏப்ரல் மாதங்களே சிறந்தவை. கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும் என்பதால் அப்போது தவிர்த்துவிடுங்கள்.

படி 2: தண்ணீரைக் கணக்குப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டுவதால், எவ்வளவு வியர்க்கிறது என்பது நமக்கே தெரிந்துவிடும். அங்கோ காற்று வறண்டிருப்பதால் வியர்வை சுரந்தவுடனே உலர்ந்துவிடுகிறது, உடலில் நீர் குறைவதை நாம் உணர்வதே இல்லை. ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல், நடக்க நடக்க இரண்டு மிடறு குடித்துக்கொண்டே இருங்கள். தொப்பியும், இருந்தால் பைனாகுலரும் போதும்.

படி 3: காலையிலேயே கிளம்புங்கள். 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே சென்று, காற்றாலைகள் வரிசையாகத் தெரியத் தொடங்கியதும் 62-ஆம் எண் சாலையில் வடக்கே திரும்பினால் மொராங்கோ வேலி என்ற சிற்றூர் வரும். நெரிசல் இல்லையெனில் ஏறத்தாழ 2 மணி நேரப் பயணம். வளர்ப்பு நாய்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.

படி 4: சதுப்பு நிலத்தின் மேல் போட்டிருக்கும் மரப்பலகைப் பாதையில் மெதுவாக நடந்து செல்லுங்கள். பாலைவனத்தின் நடுவே இவ்வளவு நீர் எப்படி என்ற கேள்விக்கு விடை நிலத்தடியில் இருக்கிறது: மலைகளில் பெய்யும் மழையும் பனியும் மண்ணுக்குள் இறங்கி வரும்போது, மொராங்கோ நிலப்பிளவு ஒரு தடுப்பணையைப் போல மறித்து அந்நீரை மேலே எழச் செய்கிறது. ஓடை என்றதும் தாமிரபரணியை எதிர்பார்த்துவிடாதீர்கள். பல இடங்களில் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். ஆயினும் அந்த நீரை நம்பியே உயரமான காட்டன்வுட் மரங்களும் வில்லோ மரங்களும் அடர்ந்து நிற்கின்றன.

கரையை ஒட்டிய வறண்ட நிலத்தில் முள்ளோடு நிற்கும் மெஸ்கீட் மரங்கள், நம் ஊரில் எல்லோரும் வெட்டச் சொல்லும் சீமைக் கருவேலத்தின் உறவுதான். ஆனால் அங்கே அவை மண்ணுக்குரியவை. அவற்றின் கிளைகளில் தொற்றி வளரும் புல்லுருவியின் சிறு சிவப்புப் பழங்களைத் தேடி, கொண்டையும் செங்கண்ணும் உடைய ஃபைனோபெப்லா என்னும் பறவை வரும். அமர்ந்திருக்கும்போது ஆண் பறவை முழுக் கறுப்பாகத் தெரியும். அது பறக்கும்போது சிறகில் வெள்ளைத் திட்டு பளிச்சிடும். சற்று நேரம் பேசாமல் நின்றால் தவறவிடமாட்டீர்கள்.

படி 5: பாதையை விட்டு இறங்காதீர்கள். வெதுவெதுப்பான மாதங்களில் நம் ஊர் விரியன் பாம்புகளைப் போல் நச்சுடைய ரேட்டில் பாம்புகள் நடமாடும். பாறை இடுக்குகளில் கை வைப்பது கூடாது.

படி 6: உள்ளே உணவகம் இல்லை என்பதால் புளியோதரையோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு போவது நல்லது. மீந்ததைப் பறவைகளுக்குப் போடாமல் டப்பாவிலேயே திருப்பி எடுத்து வாருங்கள். வாயில் சூரியன் மறையும்போது மூடப்படும். அதற்குள் வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும்.